உரிமம் அப்பா பெயரில், டெண்டர் நிறுவனத்தின் பெயரில்

கேள்வி: ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி தயாரிக்கிறோம். உற்பத்தி உரிமம் அப்பா பெயரில் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் அப்பா, நான், தம்பி மூவரும் சேர்ந்து கூட்டு நிறுவனம் ஆரம்பித்தோம். அரசு மருத்துவமனைகளுக்கு சப்ளை செய்ய அந்த நிறுவனத்தின் பெயரில் டெண்டர் போட்டோம். உரிமம் வேறு பெயரில் இருப்பதாகச் சொல்லி டெக்னிக்கல் பிட்டிலேயே தள்ளிவிட்டார்கள். அப்ரூவ்டு லிஸ்டில் சேர்த்துவிடுவதாக ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளுக்கு மொத்தமாக வாங்கித் தருவது 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். பணம் கட்டிப் பெயர் ஏற்றிக்கொள்ளும் பட்டியல் அங்கே கிடையாது. ஒவ்வொரு டெண்டரிலும் ஒரு உறையில் தகுதி ஆவணங்கள், இன்னொன்றில் விலை. முதல் உறையில் தேறாதவரின் விலையைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். இடைத்தரகர் மூலம் அதிகாரிக்குப் பணம் போனால், ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுத்தவருக்கும் 7 ஆண்டு வரை சிறை உண்டு.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது டெண்டர் அல்ல. உங்கள் பாக்கெட் ஒன்றை எடுத்து லேபிளைப் பாருங்கள். 'தயாரிப்பாளர்' என்ற இடத்தில் கூட்டு நிறுவனத்தின் பெயரும், அதன் கீழே அப்பாவின் உரிம எண்ணும் இருக்கிறதா? அப்படியென்றால், உரிமம் இல்லாத நிறுவனம் இரண்டு வருடமாக உற்பத்தி செய்கிறது என்று மருந்து ஆய்வாளர் எழுதிவிட முடியும். பேண்டேஜுக்கும் பொருந்தும் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தில் இது 3 ஆண்டுக்குக் குறையாத சிறைக்கு உரிய குற்றம். அப்பாவும் பங்குதாரர் என்பது தற்காப்புக்கு உதவலாம். அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். 2017-ஆம் ஆண்டின் மருத்துவ சாதன விதிகளின்படி நிறுவனத்தின் பெயரில் உரிமத்துக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். கூட்டு ஒப்பந்தப் பத்திரத்தையும் கட்டட வாடகைப் பத்திரத்தையும் சேர்த்து வையுங்கள். வெளுப்பதையும் ஸ்டெரைல் செய்வதையும் வெளியே கொடுக்கிறீர்கள் என்றால் அதை மறைக்காமல் எழுதுங்கள்.

இனி டெண்டர். தள்ளுபடி உத்தரவு என்று கைக்கு வந்தது? அந்தத் தேதியை நீங்கள் எழுதவில்லை. 1998-ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் 11-ஆவது பிரிவில் அரசுக்கு மேல்முறையீடு செய்ய 10 நாள்தான். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் போடலாம். ஆனால் முடிவெடுத்த முறை சரியா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும், முடிவையே மாற்றி எழுதாது. அனுபவம் போதாது என்று தள்ளியிருந்தால், பங்குதாரரின் அனுபவத்தையும் கணக்கில் எடுக்கலாம் என்ற உச்ச நீதிமன்றத்தின் நியூ ஹொரைசன்ஸ் தீர்ப்பை வைத்து வாதாடியிருப்பேன். உரிமத்துக்கு அந்த வாதம் எடுபடாது. இந்த டெண்டரை விட்டுவிடுங்கள். வக்கீல் செலவாவது மிச்சம்.

அடுத்த டெண்டருக்கு முன், குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான உத்யம் பதிவையும் நிறுவனத்தின் பெயரில் செய்யுங்கள். ஒப்பந்தம் போட்ட பிறகு பதிந்தால் பலன் இல்லை. முன்பே பதிந்திருந்தால், பில் பணம் 45 நாளைத் தாண்டும்போது ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி கேட்க உரிமை உண்டு. ஜி.எஸ்.டி., பான், உரிமம், உத்யம் நான்கிலும் நிறுவனத்தின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். 'அன் கோ', 'அண்ட் கம்பெனி' என்ற வித்தியாசத்துக்கே திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன்.