டீசலை விட்டாச்சு, அடுத்து எந்த வண்டி?

கோவை வடவள்ளியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஜவுளிக் கமிஷன் தொழிலுக்காக 2014-இல் டீசல் டிசையர் வாங்கினேன். ஈரோடு, கரூர், திருப்பூர் என்று மாதம் 2,500 கிலோமீட்டர் ஓடியது. இப்போது தொழிலை மகனிடம் கொடுத்துவிட்டேன், மாதம் 600 தாண்டுவதில்லை. டர்போவும் இன்ஜெக்டரும் மாறி மாறிச் செலவு வைத்ததால் போன மாதம் விற்றுவிட்டேன். மாதத்துக்கு ஒரு தடவை நாலு பேராகக் குன்னூரில் மகள் வீட்டுக்குப் போவோம். எனக்கு இடது முழங்கால் வலி. பெட்ரோல் வண்டி மலை ஏறாது, மறுபடியும் டீசலே எடு என்கிறார்கள். ஆன் ரோடு 12 லட்சம் வரை போடலாம். என்ன வாங்கலாம்?"

பெட்ரோல் மலை ஏறாது என்பதில் பாதி உண்மை இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் டீசல் ஏன் வேண்டாம் என்பதைப் பார்த்துவிடுவோம்.

கணக்கு எளிதாக இருக்க, பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 93 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டீசல் வண்டி லிட்டருக்கு 20, பெட்ரோல் 15 கிலோமீட்டர் கொடுக்கட்டும். கிலோமீட்டருக்கு டீசலில் 4.65, பெட்ரோலில் 6.73 ஆகிறது. உங்களுடைய 600 கிலோமீட்டருக்கு டீசல் மிச்சப்படுத்துவது மாதம் 1,250 ரூபாய். டீசல் மாடலுக்குக் கூடுதலாக ஒன்றேகால் லட்சம் கொடுத்தீர்கள் என்றால், அந்தப் பணம் திரும்பி வர எட்டு வருடம் ஆகும். பழைய 2,500 கிலோமீட்டர் ஓட்டத்தில் இதே பணம் இரண்டே வருடத்தில் வந்திருக்கும். அப்போது டீசல் வாங்கியது சரியான முடிவு. இப்போது மாறியிருப்பது உங்கள் ஓட்டம்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசலையே நிறுத்திவிட்டது. இன்று வரும் டீசல் கார்களில் புகைக்குழாயில் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கிறது. புகைக் கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். குழாய் நன்றாகச் சூடேறினால்தான் அந்தக் கரி எரியும். அதற்கு நெடுஞ்சாலையில் ஒரு இருபது நிமிடமாவது நிற்காமல் போக வேண்டும். வடவள்ளியிலிருந்து காந்திபுரம் போய்ச் சிக்னல் சிக்னலாக நின்று திரும்பினால் கரி சேர்ந்துகொண்டேதான் போகும். என் மைத்துனர் அப்படித்தான், பையனைப் பள்ளியில் விடுவதற்கு ஒரு டீசல் வண்டி வாங்கினார். ஆறு மாதத்தில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. அதன் பிறகு வேலை இருக்கிறதோ இல்லையோ, ஞாயிற்றுக்கிழமை தோறும் அவிநாசி ரோட்டில் ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வருகிறார். வண்டிக்காக மனிதர் நடைப்பயிற்சி போகிற மாதிரி!

சரி, மலைக்கு வருவோம். உங்கள் டிசையரின் 1.3 லிட்டர் டீசல் இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்றிலேயே 190 நியூட்டன் மீட்டர் இழுவை கொடுத்தது. இப்போதைய டிசையர் பெட்ரோல் கொடுப்பது சுமார் 112, அதுவும் இன்ஜினை நன்றாக விரட்டினால்தான். போதாததற்கு டர்போ இல்லாத இன்ஜின் உயரம் ஏற ஏற மூச்சு வாங்கும். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. அந்த 112-உம் அங்கே 93 அளவுக்கு வந்துவிடும். மேட்டுப்பாளையம் தாண்டி பர்லியாரிலிருந்து ஏறும்போது, ஏ.சி. போட்டு நாலு பேர் உட்கார்ந்திருந்தால், நீங்கள் மூன்றாவது கியரில் எடுத்த வளைவை எல்லாம் இரண்டாவதில்தான் எடுக்க முடியும். வண்டி ஏறிவிடும், ஆனால் டீசல் ஓட்டிய காலுக்கு அது ஏறுகிற மாதிரியே தெரியாது. "மலை ஏறாது" என்பவர்கள் சொல்ல வருவது இதைத்தான்.

எனவே உங்களைப் போன்றவர்கள் பெட்ரோலா டீசலா என்று தொடங்காமல், குறைந்த சுற்றில் எவ்வளவு இழுவை என்று தொடங்குவது நல்லது. டர்போ பெட்ரோல் இன்ஜின் காற்றை அழுத்தி உள்ளே அனுப்புவதால் உயரத்தில் அவ்வளவாகச் சோராது. மாருதி ஃப்ரான்க்ஸ் 1.0 டர்போ 148, டாடா நெக்ஸான் 170, மஹிந்திரா எக்ஸ்.யு.வி. 3எக்ஸ்ஓ 200 நியூட்டன் மீட்டர். மூன்றும் மூன்று சிலிண்டர் இன்ஜின்கள் என்பதால் நிற்கும்போது லேசாக அதிரும். டீசலில் பதினோரு வருடம் இருந்தவருக்கு அது ஒரு குறையாகவே படாது.

முழங்கால் வலிக்கு ஆட்டோமேட்டிக் எடுங்கள், ஆனால் எந்த ஆட்டோமேட்டிக் என்று கேட்டு எடுங்கள். விலை குறைந்தது ஏ.எம்.டி. சாதாரண கியர்பாக்ஸையே ஒரு கருவி உங்களுக்குப் பதிலாக மாற்றுகிறது, அவ்வளவுதான். ஊருக்குள் அது போதும். கொண்டை ஊசி வளைவின் நடுவில் கியர் மாற்றுகிறேன் என்று ஒரு நொடி இழுவையை விட்டுவிடும், அந்த நொடியில் பின்னால் பஸ் வந்தால் வயிற்றைக் கலக்கும். சி.வி.டி.யில் தனித்தனி கியர் கிடையாது, வழுக்கிக்கொண்டு போகும், ஏற்றத்தில் மட்டும் இன்ஜின் கத்தும். மலைக்கும் நெரிசலுக்கும் சேர்த்து எனக்குப் பிடித்தது, கிளட்ச்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே இழுவையைக் கடத்துகிற டார்க் கன்வெர்ட்டர். ஃப்ரான்க்ஸ் டர்போவிலும் 3எக்ஸ்ஓவிலும் அது கிடைக்கிறது.

விலையில் ஒரு படிக்கட்டு இருக்கிறது, தடுக்கிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் சாலை வரி, எக்ஸ் ஷோரூம் விலை (சாலை வரி, காப்பீடு சேராத விலை) 10 லட்சம் வரை 13 சதவீதம், தாண்டினால் 18. 9.90 லட்சம் வண்டிக்கு வரி 1,28,700 ரூபாய். 10.10 லட்சத்துக்கு 1,81,800. இருபதாயிரம் விலை ஏறியதற்கு ஐம்பத்து மூவாயிரம் வரி ஏறுகிறது! டர்போ ஆட்டோமேட்டிக்குகள் இந்தக் கோட்டை ஒட்டித்தான் நிற்கின்றன. சன்ரூஃப், பெரிய திரை என்று விற்பனையாளர் மேலே இழுத்தால், உங்கள் 12 லட்சம் போதாது.

மின்சார வண்டியை நீங்கள் கேட்கவே இல்லை. ஆனால் நீங்கள் தேடுகிற இழுவை அதில் முதல் நொடியிலேயே இருக்கிறது, கிளட்ச்சும் இல்லை. 600 கிலோமீட்டருக்கு மாதம் 85 யூனிட் போல ஆகும். இரண்டு மாத பில்லில் 170 யூனிட் கூடும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்களின் சலுகை விலையும் மாறும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள். நாலு பேரோடு குன்னூர் ஏற, சமதளத்தில் அதே தூரம் ஓடுவதைவிட ஏழு யூனிட் போலக் கூடுதலாகத் தின்னும், இறங்கும்போது அதில் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்பும். வீட்டில் சொந்தப் போர்டிகோ இருந்து, வெளியூர் போக மகனிடம் இன்னொரு வண்டியும் இருந்தால், நானாக இருந்தால் மின்சாரத்தைத்தான் எடுப்பேன். வீட்டுக்கே இது ஒன்றுதான் வண்டி என்றால் டர்போ பெட்ரோல், டார்க் கன்வெர்ட்டர். சி.என்.ஜி. உங்களுக்கு வேண்டாம், அதில் இழுவை இன்னும் குறையும்.

டெஸ்ட் டிரைவை ஷோரூம் வாசலில் ஒரு சுற்றோடு முடிக்காதீர்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே மருதமலை இருக்கிறது. கூட்டமில்லாத நாளில், நாலு பேரை ஏற்றி, ஏ.சி. போட்டு, மலைப்பாதையில் ஏறிப் பாருங்கள். ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தும் பாருங்கள். முடியாது என்கிற ஷோரூமுக்கு நீங்களும் முடியாது என்று சொல்லலாம்.

பழைய வண்டியின் காப்பீட்டில் க்ளெய்ம் எடுக்காமல் வந்திருந்தால் என்.சி.பி. தள்ளுபடி சேர்ந்திருக்கும். ஐந்து வருடம் க்ளெய்ம் இல்லை என்றால் 50 சதவீதம். அது வண்டியோடு போவதில்லை, உங்களுடையது. காப்பீட்டு நிறுவனத்திடம் சான்று வாங்கிக் கொடுத்தால் புது வண்டியின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் கழிப்பார்கள். பழைய ஆர்.சி. வாங்கியவர் பெயருக்கு மாறிவிட்டதா என்பதையும் பார்த்துவிடுங்கள், அவர் செய்கிற விபத்து உங்கள் வாசலுக்கு வரக் கூடாது.

பெட்ரோல் வண்டியே எடுத்தால், முதல் சில மாதம் பங்க்கில் கவனம். பதினோரு வருடப் பழக்கத்தில் வாய் தானாக "டீசல்" என்றுதான் சொல்லும். டேங்க் மூடியில் பெரிதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள், இறங்கி நின்று பாருங்கள். தப்பித்தவறி ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது. வண்டியைத் தள்ளி ஓரமாக நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஸ்டார்ட் செய்யாத வரை டேங்கைக் கழுவுகிற செலவோடு போகும்.