குழந்தைக்காக வேலையை விட்டவர் தென்னாப்பிரிக்காவில் மறுபடி கணக்கு வேலைக்குப் போக முடியுமா? இடைவெளியை என்னவென்று சொல்வது?

கேட்டிருப்பவர் ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறார். ஊரில் பி.காம் முடித்தவர், இங்கே பேரோல், அதாவது ஊழியர் சம்பளக் கணக்கு, பார்த்தவர், மகள் பிறந்ததும் ராஜினாமா செய்து ஐந்து வருடம் ஆகிறது.

போகலாம். நான் டர்பனில் பேரோல் பார்க்கிறேன். 2017இல் விட்டேன், 2023இல் திரும்பினேன். இடைவெளி ஒரு பொருட்டே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நிச்சயம் கேட்பார்கள். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு உள்ளூர இருக்கிற பயம் ஒன்றுதான்: இவருக்கு இன்றைய விதிகள் தெரியுமா, முதல் மாதச் சம்பளத்தையே தப்பாகப் போட்டுவிடுவாரா? அந்தப் பயத்தைப் போக்கிவிட்டால், வீட்டில் இருந்த கதையை யாரும் தோண்டுவதில்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். நான் விட்டபோது யூ.ஐ.எஃப். என்கிற வேலையின்மைக் காப்பீட்டு நிதிக்குப் பிடித்தம் போடும் சம்பள உச்சவரம்பு மாதம் 14,872 ராண்ட். அதற்கு மேல் வாங்குகிற எல்லோருடைய சம்பளச் சீட்டிலும் அதில் ஒரு சதவீதம், 148.72 என்று ஒரே தொகை நிற்கும். பேரோல்காரர்களுக்கு அது மனப்பாடம். 2021 ஜூனில் வரம்பு 17,712 ஆனது. நேர்முகத்தில் அந்த மேனேஜர் சி.வி.யைப் புரட்டிக்கொண்டே, “முப்பதாயிரம் வாங்குகிறவருக்கு யூ.ஐ.எஃப். எவ்வளவு பிடிப்பீர்கள்?” என்று சாதாரணமாகக் கேட்டார். 177.12, கம்பெனி பங்கும் அதே அளவு என்றேன். சி.வி.யை மூடி வைத்துவிட்டு, எப்போது சேர முடியும் என்ற பேச்சுக்கு வந்துவிட்டார்.

ஆகவே விண்ணப்பிக்கும் முன் நீங்கள் இல்லாத காலத்தில் என்னென்ன மாறியது என்று ஒரு தாளில் எழுதுங்கள். என் தாளில் இருந்தவை: 2018 ஏப்ரலில் வாட் 14லிருந்து 15 சதவீதம், 2019 ஜனவரியில் மணிக்கு 20 ராண்டில் தொடங்கி, 2023 மார்ச்சில் 25.42 ஆன குறைந்தபட்சக் கூலி; 2020 ஜனவரியில் அப்பாக்களுக்கும் வந்த பத்து நாள் விடுப்பு. உங்கள் தாளில் முதலில் வர வேண்டியது 2024 செப்டம்பரில் வந்த டூ-பாட் (இரண்டு பானை) ஓய்வூதிய முறை. புதிதாகக் கட்டும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு சேமிப்புப் பானைக்குப் போகும், அதிலிருந்து வரி வருடத்துக்கு ஒரு முறை எடுக்கலாம். எடுக்கும் தொகைக்கு வரி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பணம் குறைந்து வந்ததும் நேராகப் பேரோல் மேஜைக்குத்தான் வருவார்கள்.

சி.வி.யில் வருடங்களை மறைத்து, திறமைகளை மட்டும் வரிசைப்படுத்தும் மாதிரியைச் சிலர் சிபாரிசு செய்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கணக்குக்காரர் கண்ணுக்குத் தேதி இல்லாத தாள் உடனே உறுத்தும். “2017–2023: குழந்தை வளர்ப்பு” என்று ஒரே வரி போட்டேன். அதற்குக் கீழே எங்கள் கோவில் கணக்கு. ஆடிக் கூழுக்கும் தைப்பூசக் காவடிக்கும் வருகிற ரொக்கத்துக்கு ரசீது போட்டு, வங்கியோடு ஒத்துப் பார்த்து, வருட முடிவில் அறிக்கை தயாரித்தேன். பதிவு பெற்ற லாப நோக்கமற்ற அமைப்பு என்றால் நிதியாண்டு முடிந்த ஒன்பது மாதத்துக்குள் சமூக மேம்பாட்டுத் துறைக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். சம்பளம் இல்லை என்பதற்காக அது வேலை இல்லாமல் போகாது. நீங்களும் ஏதாவது சங்கத்துக்கோ பள்ளிக்கோ கணக்குப் பார்த்திருந்தால் கூச்சப்படாமல் எழுதுங்கள்.

பழைய கம்பெனியிடம் பணிச் சான்றிதழ் வாங்கிவிட்டீர்களா? சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, கடைசிச் சம்பளம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். நீங்களாகக் கேட்டால்தான் விலகிய காரணத்தை எழுதுவார்கள். இது சட்டப்படி உங்கள் உரிமை, அவர்கள் காட்டும் தயவு இல்லை. இந்தியப் பட்டத்தை சாக்வா (தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையம்) மூலம் மதிப்பீடு செய்யாமல் வைத்திருந்தால் அதையும் இப்போதே தொடங்கிவிடுங்கள். யூ.ஐ.எஃப். வேலையின்மைப் பணத்தை எதிர்பார்க்க வேண்டாம், தானாக ராஜினாமா செய்தவருக்குப் பொதுவாக அது கிடைக்காது.

“அடுத்த குழந்தை உண்டா?” என்று கேட்டால்? கர்ப்பத்தையோ குடும்பப் பொறுப்பையோ காரணம் காட்டி விண்ணப்பதாரரை ஒதுக்கக் கூடாது என்று 1998ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டமே சொல்கிறது. அதற்காக அங்கேயே சட்டம் பேசினால் வேலை கிடைத்துவிடுமா என்ன! பள்ளி விட்டதும் குழந்தை ஆஃப்டர்கேரில் இருப்பாள், அழைத்து வர லிஃப்ட் கிளப் (பெற்றோர்கள் முறை வைத்துக் காரில் கூட்டி வருவது) இருக்கிறது என்று ஏற்பாட்டைச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

அப்புறம், நேரம் பார்த்து அனுப்புங்கள். டிசம்பர் பாதியோடு ஊரே விடுமுறையில் போய்விடும், ஜனவரி நடுவில்தான் மெயிலைத் திறப்பார்கள். பிப்ரவரி கடைசியில் வரி வருடம் முடிகிறது. மே 31க்குள் ஈ.எம்.பி.501 என்கிற, ஊழியர் வரியின் வருடாந்திர ஒப்பீட்டுப் படிவம் வரித் துறைக்குப் போக வேண்டும் என்பதால் அந்த மூன்று மாதமும் பேரோல் அறையில் ஆள் பற்றாது. என்னையும் அந்தச் சமயத்தில் தற்காலிகமாகத்தான் எடுத்தார்கள், பழைய சம்பளத்தைவிடக் குறைவாக. ஜூனில் நிரந்தரம் என்றபோது சம்பளத்தைப் பற்றி மறுபடி பேசினேன். இரண்டாவது முறை பேசுவது முதல் முறையைவிடச் சுலபமாக இருந்தது.