ஐசியூ நோயாளிக்கு அமினோ அமிலம்: கேள்வி பதில்

ஐசியூவில் டயட்டீஷியனாகப் பதினான்கு வருடம் வேலை பார்த்தவள் என்பதால் இந்த வாரக் கேள்விகளை என்னிடம் தந்திருக்கிறார்கள். யாருக்கும் இங்கிருந்தபடி அளவு எழுதித் தர மாட்டேன். மற்றதைப் பேசலாம்.

கேள்வி: அப்பா வென்டிலேட்டரில் இருக்கிறார். குளுட்டமைன் நம் உடம்பே செய்கிற பொருள்தானே, கொடுத்தால் என்ன கெட்டுவிடும் மேடம்?

இதே நினைப்பில்தான் நாங்களும் வருடக்கணக்கில் கொடுத்தோம். புரதம் உருவாகும் சின்னத் துண்டுகள்தான் அமினோ அமிலங்கள்; ரத்தத்தில் தனியாக இருக்கும் அமினோ அமிலங்களில் இதுதான் அதிகம். குடல் சுவரின் செல்களுக்கும் நோய் எதிர்ப்புச் செல்களுக்கும் இது எரிபொருள். கடும் நோயில் தசை கரைந்து இதை வெளியே விடுகிறது. அப்படியும் சிலருக்கு ரத்தத்தில் அளவு இறங்கிவிடும்; இறங்கியவர்களிடம் இறப்பும் அதிகமாக இருந்தது. குறைந்ததை நிரப்பினால் பிழைப்பார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். 1997இல் லிவர்பூலில் நடந்த சிறிய ஆய்வு ஒன்று அதற்கு நம்பிக்கையும் கொடுத்தது.

அப்புறம் 2013இல் ரெடாக்ஸ் ஆய்வு வந்தது. கனடா, அமெரிக்கா, ஐரோப்பாவில் 40 ஐசியூக்கள், 1,223 நோயாளிகள். எல்லோரும் வென்டிலேட்டரில், குறைந்தது இரண்டு உறுப்புகளாவது செயலிழந்த நிலையில் இருந்தவர்கள். 28 நாளில் குளுட்டமைன் பெற்றவர்களில் 32.4 சதவீதம் பேர் இறந்தார்கள், பெறாதவர்களில் 27.2. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் 43.7, 37.2. அந்த எண்களை முதலில் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஏன் அப்படி ஆனது? ரத்தத்தில் அளந்து பார்த்த சிலரில் பெரும்பாலோருக்குக் குளுட்டமைன் குறைவாகவே இல்லை. இல்லாத குறையை நிரப்பியிருக்கிறார்கள். இன்னொன்று, குளுட்டமைன் உடையும்போது அமோனியா வரும். அதைக் கையாள ஈரலும் சிறுநீரகமும் வேண்டும். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்களிடம்தான் தீங்கு அதிகம் தெரிந்தது. அதனால் ஈரலும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்று பார்க்காமல் குளுட்டமைனைத் தொடவே கூடாது.

கேள்வி: ஜிம்முக்கு வாங்கிய குளுட்டமைன் பவுடர் வீட்டில் இருக்கிறது. அம்மாவின் உணவு டியூபில் கலக்கலாமா?

கூடாது தம்பி. மேலே எழுதியதைப் படியுங்கள். டியூபில் போகிற ஒவ்வொன்றும் டாக்டருக்குத் தெரிந்து போக வேண்டும்.

கேள்வி: செப்சிஸில் ஆர்ஜினின் நல்லதா?

ஆர்ஜினின் இன்னொரு அமினோ அமிலம். செப்சிஸ் என்றால், தொற்றுக்கு உடம்பு கட்டுக்கடங்காமல் எதிர்வினை செய்து உறுப்புகள் பழுதாகும் நிலை. கடுமையான செப்சிஸில் நான் தர மாட்டேன். உடம்பு ஆர்ஜினினிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு செய்கிறது. அது ரத்தக் குழாயைத் தளர்த்தும். ஏற்கெனவே பிரஷர் விழுந்து கிடப்பவருக்கு அது வேண்டாம். முன்கூட்டியே திட்டமிட்ட பெரிய புற்றுநோய் அறுவைக்கு ஆர்ஜினின் கலந்த உணவு தருவது வேறு விஷயம்.

கேள்வி: தீக்காயத்துக்காவது குளுட்டமைன் உதவுமா?

உதவும் என்றுதான் வழிகாட்டுதல்கள் சொல்லிவந்தன. 2022இல் சுமார் 1,200 தீக்காய நோயாளிகளிடம் குடல் வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். உயிரோடு வீடு திரும்ப ஆன நாட்கள், கொடுத்தவர்களுக்கு 40, கொடுக்காதவர்களுக்கு 38. பயன் இல்லை.

ஒரு மயக்கவியல் மருத்துவர் எழுதுகிறார்: சிறுநீரகம், சிறுநீரகம் என்று பயமுறுத்துகிறீர்கள். 2024 புரொடெக்ஷன் ஆய்வில் இதய அறுவை நோயாளிகள் 3,511 பேர். அமினோ அமிலம் ஏற்றியவர்களில் சிறுநீரகப் பாதிப்பு 26.9 சதவீதம், ஏற்றாதவர்களில் 31.7. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நல்ல ஆய்வு சார், எனக்கும் பிடித்தது. ஆனால் அவர்களுக்குப் போனது அமினோ அமிலக் கலவை, தனிக் குளுட்டமைன் அல்ல. அதிகபட்சம் மூன்று நாள். ஆபரேஷன் தேதி குறித்துக்கொண்டு வந்தவர்கள். அமினோ அமிலம் ஏற்றினால் சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் கூடும். அந்த ஓட்டத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் நிலையில் சிறுநீரகம் இருந்தது. ஏற்கெனவே பழுதானதில் அதே கதை நடக்கும் என்று எப்படிச் சொல்வது?

அவரே மீண்டும்: அப்படியானால் புரதத்தையே குறைக்கச் சொல்கிறீர்களா? தசை கரைந்து போகிறவரைப் பட்டினி போடுவதா?

நான் அப்படிச் சொல்லவே இல்லை. 2023இல் எஃபர்ட் ஆய்வு 16 நாடுகளில் 1,301 பேரிடம், நாளுக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 2.2 கிராம் அல்லது அதற்கு மேல் ஒரு பக்கம், 1.2 அல்லது அதற்குக் கீழ் இன்னொரு பக்கம் என்று ஒப்பிட்டது. கூடுதலாகக் கொடுத்ததால் சீக்கிரம் வீடு போகவில்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கெடுதல் தெரிந்தது. ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்லும் 1.3 கிராமை, முதல் நாளே கொட்டாமல் படிப்படியாக எட்டினால் போதும் என்பதுதான் என் நிலை. 60 கிலோ உள்ளவருக்கு 78 கிராம். டயாலிசிஸில் அமினோ அமிலம் வெளியேறுவதால் அங்கே தேவை கூடும். டயாலிசிஸைத் தள்ளிப்போடப் புரதத்தை வெட்டுவதை நானும் எதிர்க்கிறேன்.

மூன்றாவது முறையாக: 2.2 இருக்கட்டும், நம் வார்டுகளில் 1.2 கூடப் போவதில்லையே!

இதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஸ்கேனுக்கு டியூப் உணவை நிறுத்துகிறார்கள், ஆபரேஷனுக்கு நிறுத்துகிறார்கள், திரும்ப ஆரம்பிக்க யாருக்கும் நினைவிருப்பதில்லை.

கேள்வி: எந்த பிராண்டு குளுட்டமைன் நல்லது? (இதையே ஆறு பேர் கேட்டிருக்கிறார்கள்.)

எந்த பிராண்டும் வேண்டாம். ஆறு பேருக்கும் அதே பதில்.

கேள்வி: வெளியே காத்திருக்கிற நாங்கள் என்னதான் செய்வது?

டாக்டர் பேச வரும்போது இரண்டு எண்களைக் கேளுங்கள்: நேற்று டியூபில் கொடுக்க எழுதியிருந்தது எத்தனை மில்லி, உண்மையில் உள்ளே போனது எத்தனை மில்லி. வித்தியாசம் பெரிதாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.