சுற்றுலாவால் ஓர் ஊரின் தரை வெப்பம் கூடியிருக்கிறதா என்பதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு அறிய முடியுமா?

முடியும். ஆனால் செயற்கைக்கோள் அளப்பது தரையின் வெப்பநிலையைத்தான். வானிலை அறிக்கையில் வரும் காற்றின் வெப்பநிலையை அல்ல. அதில் பயணிகளின் கூட்டமும் தெரியாது; அவர்களுக்காக வெட்டப்பட்ட காடும் போடப்பட்ட கான்கிரீட்டும்தான் தெரியும். ஆகவே, கூட்டம் அலைமோதும் மாதத்தையும் ஓய்ந்திருக்கும் மாதத்தையும் ஒப்பிட்டால், பெரும்பாலும் பருவ வேறுபாடுதான் கிடைக்கும். ஒரே பருவத்தில் எடுத்த படங்களைப் பல ஆண்டுகளுக்கு அடுக்கிப் பார்ப்பதே சரியான முறை.

இந்த ஆய்வுக்கு நான் முதலில் பரிந்துரைக்கும் ஊர் மெக்சிகோவின் கான்கூன். காடும் அலையாத்தியும் மணல்திட்டுமாக இருந்த கடற்கரையில், சுற்றுலாவுக்கென்றே அரசு திட்டமிட்டு 1970களில் எழுப்பிய நகரம் அது. பழைய பெருநகரம் ஒன்றில் தொழிற்சாலையின் வெப்பத்தையும் சுற்றுலாவின் வெப்பத்தையும் பிரித்தறிவது கடினம். கான்கூனில் அந்தச் சிக்கல் மிகக் குறைவு. அமெரிக்காவின் லேண்ட்சாட் வரிசைச் செயற்கைக்கோள்களில், லேண்ட்சாட் 5 எடுத்த படங்கள் 1984 முதலும், லேண்ட்சாட் 8 எடுத்தவை 2013 முதலும் இலவசமாகக் கிடைக்கின்றன. மேகமும் மேக நிழலும் விழுந்த புள்ளிகளை (படத்தை ஆக்கும் சிறு சதுரங்களை, அதாவது பிக்சல்களை) நீக்கிவிட்டு, ஒவ்வொரு படத்திலும் நகரத்துக்கும் அருகில் அழியாமல் நிற்கும் காட்டுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைக் கணக்கிடுங்கள். அந்த ஆண்டு பொதுவாகவே வெயில் கூடுதலா குறைவா என்பது அதில் பெருமளவு கழிந்துவிடும்.

பலரும் நேராக ஓட்டல் வரிசைக்குப் போய்விடுகிறார்கள். கடலுக்கும் நிச்சுப்தே காயலுக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல்திட்டு அது. லேண்ட்சாட் 8 வெப்பத்தை அளப்பது 100 மீட்டர் புள்ளிகளில்; 30 மீட்டராக நம் கைக்கு வருவது, பிறகு கணக்கிட்டுச் சிறு புள்ளிகளாக மாற்றியது. எனவே கரையோரத்தில் ஓட்டல் கூரையும் கடல்நீரும் ஒரே புள்ளிக்குள் கலந்து, உண்மையைவிடக் குளிர்ச்சியான எண்ணைத் தரும். நீர் பாய்ச்சிய புல்வெளிகளும் அப்படியே குளிர்ந்து தெரியும். நான் பார்க்கச் சொல்லும் இடம் நிலப்பக்கம்: ஓட்டல்களில் வேலை செய்பவர்களும் அவர்களை நம்பிப் பிழைப்பவர்களும் வாழும் நகரம், காட்டை வெட்டி வெட்டி விரிந்து, 2020 கணக்கெடுப்பில் எட்டரை லட்சம் மக்களைத் தாண்டிவிட்டது. சுற்றுலாவின் வெப்பத்தை ஓட்டல் எல்லைக்குள் மட்டும் தேடும் ஆய்வு, இவர்களைக் கணக்கில் கொள்ளாத ஆய்வு என்றே நான் சொல்வேன்.

லேண்ட்சாட் கடப்பது காலை பத்து மணியை ஒட்டி. கான்கிரீட் வெப்பத்தை உமிழும் இரவைப் பார்க்க, நாசா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவி எடுக்கும், ஒரு கிலோமீட்டர் அளவுள்ள பெரிய புள்ளிகளைக் கொண்ட படங்களையோ, 2018 முதல் விண்வெளி நிலையத்திலிருந்து ஏறத்தாழ 70 மீட்டர் நுட்பத்தில் அளக்கும் ஈகோஸ்ட்ரெஸ் என்ற நாசா கருவியின் படங்களையோ சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தகரக் கூரைகளிலும் கவனம் தேவை. பளபளப்பான தகரம் வெப்பக் கதிரைக் குறைவாகவே உமிழ்வதால், தொட்டால் சுடும் கூரையும் படத்தில் குளிர்ந்ததாகத் தோன்றும். அதனடியில் இருப்பவர்களோ வெந்துகொண்டிருப்பார்கள். அத்தகைய குடியிருப்புகளில் சில வீடுகளிலாவது வெப்பமானி வைத்து அளந்து ஒப்பிடாமல், அந்தப் பகுதிக்கு எந்த எண்ணையும் வெளியிடாதீர்கள்.