துணிப்பையில் நாற்றம், கைப்பிடிக் கிழிசல்: பதில்

கடையில் பைக்குக் காசு வாங்கத் தொடங்கியதும் துணிப்பைக்கு மாறினீர்கள், இப்போது நாறுகிறது, கைப்பிடியும் பிய்கிறது, பழையபடி கடையில் பிளாஸ்டிக் பையே வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், இரண்டையும் சரிசெய்யலாம். பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமையின் 2011 கணக்குப்படி, ஒருமுறை பயன்படுத்திய மெல்லிய பிளாஸ்டிக் பையோடு புவி வெப்பமாதல் அளவில் ஈடுகட்டவே பருத்திப் பை 131 தடவை உழைக்க வேண்டும். அதனால் உள்ளதைக் காப்பாற்றுங்கள்.

மீன், இறைச்சியிலிருந்து கசிந்த நீர் தையல் மடிப்பில் தங்குவதால்தான் நாற்றம். பையை உள்புறம் வெளியே வரத் திருப்பி, சோப்புத்தூள் கரைத்த சுடுநீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, மடிப்புகளைப் பிரஷ்ஷால் தேய்த்து அலசுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகே மடியுங்கள். ஈரத்தோடு மடித்தால் நாற்றம் திரும்பிவிடும். பச்சை இறைச்சிக்கு வேறு நிறத்தில் தனிப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

கைப்பிடி பிய்வது பெரும்பாலும் பையின் வாயோரத்தில்தான், ஏனென்றால் ஒற்றைத் தையலே மொத்த எடையையும் சுமக்கிறது. நாடாவை வாயிலிருந்து 5 செ.மீ. கீழிறக்கி, பின்புறம் ஒரு ஒட்டுத்துணி வைத்து, சதுரமாகத் தைத்து, நடுவில் பெருக்கல் குறிபோல் குறுக்குத் தையல் போடுங்கள். கனமானவற்றை இரண்டு பைகளில் பிரித்துத் தூக்குங்கள்.

நெய்யாத, துணிபோலத் தெரியும் பாலிபுரொப்பிலீன் (ஒருவகை பிளாஸ்டிக்) பையென்றால் சுடுநீர் வேண்டாம், சுருங்கக்கூடும்.