வாசகர் கேள்வி–பதில்: மூன்றாவது பெடல் இன்னும் வேண்டுமா?

ஸ்போர்ட்ஸ் கார்களின் கியர்பாக்ஸ் பற்றி வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டேன். 27 ஆண்டுகள் கியர்பாக்ஸ்களைப் பிரித்துப் பூட்டியவன் என்பதால், படித்ததைவிடக் கையில் எடுத்துப் பார்த்ததை நம்பியே பதில் சொல்கிறேன்.

"ஐயா, கையால் கியர் மாற்றுபவன்தான் உண்மையான ஓட்டுநர் என்கிறார் என் அண்ணன். இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்தான் முந்தும் என்கிறேன் நான். வீட்டில் தினமும் இதே சண்டை. யார் சொல்வது சரி?" – கல்லூரி மாணவர்

வேகம் மட்டும்தான் பந்தயம் என்றால், தம்பி, நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்.

மேனுவல் காரில் கியர் மாற்றும்போது கிளட்சை மிதிக்கிறோம், எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இருந்த தொடர்பு அறுகிறது, லிவரை நகர்த்துகிறோம், மறுபடி கிளட்சை விடுகிறோம். நல்ல கைக்குக்கூட இதற்கு அரை நொடி ஆகிவிடும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அரை நொடி என்பது ஏறக்குறைய 14 மீட்டர். அத்தனை தூரமும் கார் வெறும் உந்துதலில்தான் உருள்கிறது.

இரட்டை கிளட்சில் 1, 3, 5, 7 ஆகிய கியர்களுக்கு ஒரு கிளட்ச். 2, 4, 6க்கு இன்னொன்று. உறைக்குள் கத்தி இருப்பதுபோல, குழாயான ஒரு தண்டுக்குள் மற்றொரு தண்டு சுழல்கிறது. நீங்கள் மூன்றாவதில் போய்க்கொண்டிருக்கும்போதே நான்காவது கியர் பூட்டப்பட்டுக் காத்திருக்கும். மாற்றும் நேரத்தில் ஒரு கிளட்ச் விட விட, மற்றொன்று பிடிக்கும். தலைச்சுமையைத் தரையில் இறக்கி, பிறகு இன்னொருவர் தூக்குவதற்கும், ஒரு தலையிலிருந்து நேராக இன்னொரு தலைக்கு மாற்றுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. சுமை தரையைத் தொடுவதே இல்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அடுத்து எந்த கியர் என்பதை கம்ப்யூட்டர் ஊகித்துத்தான் வைத்திருக்கிறது. நீங்கள் வேகமெடுப்பீர்கள் என்று நான்காவதைப் பூட்டி வைத்திருக்கும்போது திடீரென இரண்டாவதைக் கேட்டால், நான்காவதைக் கழற்றிவிட்டு இரண்டாவதைப் பூட்டிய பிறகுதான் மாற முடியும். இரண்டும் ஒரே தண்டில் அல்லவா இருக்கின்றன! அந்தச் சின்னத் தயக்கத்தைக் கூர்ந்து கவனிப்பவர்கள் உணர்வார்கள்.

யோசனை புதிதல்ல. அடால்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1939லேயே இதை வகுத்தார். இரண்டு கிளட்சையும் ஒன்றுக்கொன்று இடிக்காமல் இயக்கும் மின்னணு மூளை அன்று இல்லை. 1980களில் போர்ஷே தன் 956, 962 பந்தயக் கார்களில் இதைப் பொருத்தி உழைத்தது. 1986இல் இத்தாலியின் மோன்சா பந்தயத்தில் 962 வென்றது. 2003இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 வழியாகச் சாலைக்கு வந்தது.

இப்போது அண்ணன் பக்கம். அவர் பேசுவது வேகத்தைப் பற்றி அல்ல என்று நினைக்கிறேன். வளைவுக்கு முன் பாதத்தின் முன்பகுதியால் பிரேக்கை அழுத்திக்கொண்டே, அதே பாதத்தின் ஓரத்தால் ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி, எஞ்சினுக்குக் கொஞ்சம் ரேஸ் கொடுத்து, கீழ் கியருக்கு இறங்க வேண்டும். மூன்று பெடல், இரண்டு கால், ஒரு கை. ரேஸ் சரியாக இருந்தால் லிவர் தானாக உள்ளே இழுத்துக்கொள்வதுபோல விழும், கார் குலுங்காது. குறைந்தால் பின்சக்கரம் ஒரு கணம் இழுத்துப் பிடிக்கும். எனக்கு இது படிய இரண்டு ஆண்டுகள் ஆயின. படிந்த நாளின் மகிழ்ச்சி இன்றும் என் உள்ளங்காலில் இருக்கிறது.

அந்தக் கையே தவறினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். ஐந்தாவதில் எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடப் போனவர் நான்காவதுக்கு இறங்க நினைத்து இரண்டாவதில் தள்ளிவிட்டார். நான்காவதாக இருந்தால் 7,200 சுற்று, இரண்டாவதில் 12,000. எரிபொருளை நிறுத்துகிற பாதுகாப்பு அங்கே உதவாது, ஏனென்றால் அப்போது எஞ்சினைச் சுற்றுவது எரிபொருள் அல்ல, சக்கரம். எஞ்சினைத் திறந்தபோது வால்வுகள் வளைந்து, பிஸ்டன் தலையில் பிறைநிலா போல வரிசையாகத் தழும்புகள். இரட்டை கிளட்ச் காரில் இதைச் செய்யச் சொன்னால் கம்ப்யூட்டர் மறுத்துவிடும்.

ஆனாலும் "உண்மையான ஓட்டுநர்" என்ற பேச்சை அண்ணன் விட்டுவிட வேண்டும். எங்கே பிரேக் பிடிப்பது, எந்தக் கோட்டில் திரும்புவது, டயர் எவ்வளவு தாங்கும் என்பதை எந்த கியர்பாக்ஸும் கற்றுத்தராது.

"வேகம் குறைவு என்று தெரிந்தும் நிறுவனங்கள் ஏன் மேனுவலை விற்கின்றன?" – வங்கி ஊழியர்

வாங்குகிறவர்கள் கேட்கிறார்கள், அதனால்தான். 2013இல் போர்ஷே 911 ஜிடி3 இரட்டை கிளட்சோடு மட்டுமே வந்தது. அதன் ரசிகர்கள் வருந்தினார்கள், வெளிப்படையாகவே கோபப்பட்டார்கள். 2016இல் மேனுவல் மட்டுமே கொண்ட 911 ஆர் வந்தது. செய்தது 991 கார்கள்தான். மறு ஆண்டே ஜிடி3க்கு மேனுவல் திரும்பியது.

2021இல் வந்த ஜிடி3யைப் பாருங்கள். எஞ்சின் ஒன்றே, 510 குதிரைத்திறன். இரட்டை கிளட்ச் வகை 3.4 நொடியில் 100 கி.மீ. வேகத்தைத் தொடுகிறது, மேனுவலுக்கு 3.9. எடையில் மேனுவல் 17 கிலோ குறைவு. அரை நொடி பின்தங்கும் என்று நிறுவனமே அச்சிட்டுக் கொடுத்த பிறகும் அதைக் கேட்டு வாங்குகிறார்கள் என்றால், அவர்கள் தேடுவது கடிகாரத்தில் இல்லை. ஃபார்முலா ஒன் கார்களை வடிவமைத்த கார்டன் மரேயின் டி.50 என்ற காரும் அப்படித்தான்: 12,100 சுற்று வரை பாடும் வி12 எஞ்சின், ஆறு கியர் மேனுவல், சாலைக்கென்று 100 கார்கள்.

எல்லோரும் அந்தப் பக்கம் நிற்கவில்லை. ஃபெராரி 458 இட்டாலியா 2009இலேயே மேனுவலைக் கைவிட்டது. 2020 மாடல் கார்வெட் எட்டு கியர் இரட்டை கிளட்சோடு மட்டுமே வந்தது. பிஎம்டபிள்யூ எம்3யோ இரட்டை கிளட்சையே விட்டுவிட்டு, 2020இல் அறிமுகமான தலைமுறையில் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்குக்கு, அதாவது எஞ்சினின் விசையை ஆயில் வழியாகக் கடத்தும் பழைய வகைக்கு, மாறியது. கூடவே ஒரு வகையில் மேனுவலையும் வைத்துக்கொண்டது. பழைய ஆட்டோமேட்டிக் இன்று அவ்வளவு விரைவாகிவிட்டது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

"ஃபார்முலா ஒன் காரில் இருப்பது இரட்டை கிளட்சா?" – பள்ளி மாணவி

இல்லை, பாப்பா. அங்கே இருப்பது கிளட்சைத் தொடாமலேயே அடுத்த கியரைப் பூட்டும் வேறு அமைப்பு. ஆனால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் இழுக்கும் பேடில், அங்கிருந்து வந்ததுதான். 1989இல் பிரேசிலில் நைஜல் மான்செல் ஃபெராரியில் அதை வைத்து முதல் பந்தயத்திலேயே வென்றார். நடுவில் நின்று ஸ்டியரிங்கையே கழற்றி வேறொன்று மாட்டிக்கொண்டு போனார்!

"என் இரட்டை கிளட்ச் கார் நெரிசலில் ஊர்ந்து போகும்போது உதறுகிறது. மேட்டில் நின்றால் ஒரு கருகல் வாடை வருகிறது. கியர்பாக்ஸ் போய்விட்டதா?" – மென்பொருள் துறையில் இருப்பவர்

பதறாதீர்கள். ஆனால் இன்றிலிருந்தே ஓட்டும் பழக்கத்தை மாற்றுங்கள்.

இதில் கிளட்ச் பெடல் இல்லை, கிளட்ச் இருக்கிறது. நடக்கும் வேகத்தில் கார் ஊரும்போதெல்லாம் உள்ளே ஆஃப் கிளட்ச் போட்டபடிதான், அதாவது கிளட்ச் பாதி மட்டும் பிடித்து உரசியபடிதான் ஓடுகிறது. மேனுவலில் நீங்கள் ஆஃப் கிளட்ச் பிடித்தால் இடது கால் வலித்துச் சொல்லிவிடும். இங்கே வலிக்கக் காலே இல்லை, எனவே நமக்குத் தெரிவதில்லை.

மேட்டில் ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தி காரை நிறுத்தி வைக்கிற பழக்கம் பலருக்கு உண்டு. உங்களுக்கும் இருக்கும் என்றுதான் அந்த வாடை சொல்கிறது. அப்படி ஓடிய ஒரு உலர் கிளட்சை, அதாவது ஆயிலில் மூழ்காத வகையை, பிரித்துப் பார்த்தேன். எஃகு முகத்தில் மயில்கழுத்து நீலத்தில் திட்டுத் திட்டாகச் சூட்டுத் தழும்பு. சொரசொரப்பாக இருக்க வேண்டிய பிளேட் கண்ணாடி போலப் பளபளத்தது. விரலை வைத்தால் வழுக்கியது. அந்தப் பளபளப்புதான் உங்கள் காரில் உதறலாக வருகிறது. ஆரம்ப நிலை என்றால் சரிப்படுத்தலாம். முற்றிவிட்டால் பிளேட்டை மாற்றத்தான் வேண்டும்.

இனி மேட்டில் பிரேக்கை முழுதாக மிதித்து நில்லுங்கள், கிளட்ச் விடுபட்டுவிடும். நெரிசலில் முன் வண்டியை அடி அடியாகத் துரத்தாமல், கொஞ்சம் இடைவெளி விழ விட்டு ஒரே மூச்சாக நகருங்கள்.

உங்கள் காரில் இருப்பது உலர் கிளட்சா, ஆயிலில் மூழ்கிய கிளட்சா என்பதைக் கையேட்டில் பாருங்கள். ஆயில் வகை என்றால் சூட்டை நன்றாகத் தாங்கும். ஆனால் ஆயிலைக் காலத்தில் மாற்ற வேண்டும். கோல்ஃபில் வந்த ஆறு கியர் வகைக்கு 60,000 கி.மீ. கணக்கு. எந்த ஆயில் என்பதில் சமரசமே கூடாது. ஒரு பட்டறையில் கைக்குக் கிடைத்த ஆட்டோமேட்டிக் ஆயிலை ஊற்றி அனுப்பிய கார் ஒன்று என்னிடம் வந்தது. வடித்தபோது தார் போல ஒழுகியது. அடியில் இருந்த காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு விரல் தடிமனுக்கு அப்பியிருந்தது. ஒரு ஆயில் மாற்றத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு அந்த மனிதர் முழு கிளட்சையும் மாற்றினார். எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

"ஐயா, எனக்கு வயது 61. 19 ஆண்டுகளாக இரண்டு இருக்கை கொண்ட ஒரு மேனுவல் ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டுகிறேன். இடது முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. கிளட்ச் வேண்டாம் என்கிறார் மருத்துவர். இரட்டை கிளட்சுக்கு மாறினால் ஓட்டுகிற இன்பமே போய்விடுமோ என்று மனம் கனக்கிறது." – ஓய்வு பெற்ற ஆசிரியை

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒன்றும் போகாது என்று பொய் சொல்ல மாட்டேன். கிளட்ச் பிடிக்கும் அந்தப் புள்ளியைப் பாதத்தில் உணர்கிற சுகம் போய்விடும். அதற்கு ஈடு கிடையாது.

போகாதவை நிறைய. பேடில் உள்ள காராகப் பாருங்கள். முதல் மாதம் முழுக்க கியரை நீங்களே மாற்றுங்கள். எந்த வளைவுக்கு எந்த கியர் என்று 19 ஆண்டுகளாக உங்கள் காது கற்றது அப்படியே இருக்கிறது. அது கணக்குப் போடட்டும், விரல் செய்யட்டும். இரண்டு கையும் ஸ்டியரிங்கை விடாமலே கீழ் கியருக்கு இறங்கலாம் என்பதை முதல் மழையில் நீங்களே விரும்புவீர்கள். முதல் வாரத்தில் மட்டும் பழைய காரோடு ஒப்பிட வேண்டாம்.

இடது கால் விஷயத்தில் கவனம் தேவை. அத்தனை ஆண்டு கிளட்சை மிதித்த கால், அவசரத்தில் தானாக எழுந்து அகலமான பிரேக் பெடலை கிளட்ச் என்று நினைத்து முழு பலத்தோடு மிதித்துவிடும். கார் நட்டுவைத்தது போல நிற்கும். பின்னால் வருபவர் மோதிவிடலாம். அந்த முழங்காலுக்கும் அது ஆகாது. ஏறி உட்கார்ந்ததும் இடது காலை ஓரத்தில் உள்ள கால்மேடையில் ஊன்றிக்கொள்ளுங்கள். முதல் சில நாள் ஆளில்லாத திடலில் ஓட்டிப் பழகுங்கள்.

ஒரு மாதம் ஆனதும் எழுதுங்கள் அம்மா. கார் எப்படி என்பதோடு, முழங்கால் எப்படி இருக்கிறது என்பதையும்.