வீட்டு பி.பி. கருவி கூட்டிக் காட்டுகிறதா?

கேள்வி: எனக்கு வயது 56. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். பரிசோதனைக்குப் போன 8 முறையும் வீட்டுக் கருவியைக் கையோடு கொண்டுபோனேன். முதலில் என் கருவியிலும், உடனே அங்குள்ள கருவியிலும் ஒரே கையில் அளந்தார்கள். மேல் அளவில் என்னுடையது 6, 2, 9, 4 கூடுதல், ஒருமுறை 1 குறைவு, பிறகு 7, 3, 10 கூடுதல். இது தற்செயலா? வீட்டில் எடுக்கும் அளவிலிருந்து 5-ஐக் கழித்துக்கொள்ளலாமா?

பதில்: தற்செயல் என்று ஒதுக்க முடியாது. ஆனால் கழிக்கவும் வேண்டாம்.

வித்தியாசங்களை எழுதி வைத்தீர்களே, அதுதான் சரியான முறை. பி.பி. நாளுக்கு நாள் ஏறி இறங்கும். ஒரே நேரத்தில் எடுத்த இரண்டு அளவுகளைக் கழிக்கும்போது அந்த ஏற்ற இறக்கம் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். இனிக் கணக்கு அந்த 8 வித்தியாசங்களில் மட்டும்தான். கூட்டினால் 40, சராசரி 5. இந்த வித்தியாசங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதைக் காட்டும் திட்டவிலக்கம் 3.7. அதை 8-இன் வர்க்கமூலமான 2.83-ஆல் வகுத்தால் திட்டப்பிழை, அதாவது சராசரி எவ்வளவு தடுமாறக்கூடும் என்ற அளவு, 1.31. எட்டு ஜோடிகளுக்கு, சிறிய மாதிரிகளுக்கான டி-அட்டவணையில் ஒன்று குறைத்து 7-ஆவது வரிசையைப் பார்க்க வேண்டும். 95 சதவீத உறுதிக்கு அங்கே 2.365. இதைத் திட்டப்பிழையால் பெருக்கினால் 3.1; சராசரி 5-க்கு இருபுறமும் அவ்வளவு விட வேண்டும். ஆக, உண்மையான சராசரி வித்தியாசம் 1.9 முதல் 8.1 வரை இருக்கலாம். வித்தியாசமே இல்லை என்பதற்கான பூஜ்யம் இதற்குள் வரவில்லை. அந்த 1 குறைவையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. பிடிக்காத எண்ணை விட்டுவிட்டால் விடைக்கு மதிப்பில்லை.

ஜோடியைப் பிரித்து, இரு கருவிகளின் அளவுகளையும் தனித்தனிக் கூட்டங்களாக ஒப்பிட்டிருந்தால்? ஒவ்வொன்றின் திட்டவிலக்கமும் 12 என்று வைத்துக்கொண்டால், விடை −8 முதல் 18 வரை விரியும். அதில் ஒன்றும் தெரியாது.

சிக்கல் வேறிடத்தில். 'முதலில் என் கருவி, உடனே அடுத்தது' என்கிறீர்கள். அடுத்தடுத்து அளந்தால் முதல் அளவு சற்றுக் கூடுதலாக வருவது வழக்கம். எட்டு முறையும் உங்கள் கருவியே முதலில் என்பதால், இந்த 5-இல் கருவியின் பங்கு எவ்வளவு, வரிசையின் பங்கு எவ்வளவு என்று எந்தச் சூத்திரத்தாலும் பிரிக்க முடியாது. கைப்பட்டை உங்கள் கைக்குச் சிறியதாக இருந்தாலும் கூட்டித்தான் காட்டும், அதையும் பாருங்கள்.

இன்னொன்று: 1.9 முதல் 8.1 என்பது சராசரிக்கான எல்லை. தனி ஒரு அளவில் வித்தியாசம் சுமார் −2 முதல் 12 வரை போகலாம். எட்டே ஜோடிகள் என்பதால் இந்த எல்லையும் உத்தேசம்தான். ஆகவே இன்றைய அளவில் 5-ஐக் கழித்தால் சரியான எண் கிடைத்துவிடாது.

அடுத்த முறைகளில் 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, பட்டை இதயத்தின் உயரத்தில் இருக்க, இரண்டு அளவுகளுக்கு நடுவே 1 அல்லது 2 நிமிடம் விட்டு அளக்கச் சொல்லுங்கள். ஒருமுறை உங்கள் கருவி முதலில், மறுமுறை அங்குள்ளது முதலில். இப்படி 10 ஜோடி சேர்ந்த பின்னும் சராசரி 5-ஐ ஒட்டியே நின்றால் கருவியை மாற்றுங்கள். அதுவரை மாத்திரையின் அளவை நீங்களாக மாற்ற வேண்டாம்.